பேரைக் கேட்காதே, செய்து காட்டச் சொல்

போன மாதம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக பிரிஞ்சாங்குக்குப் போயிருந்தோம். ஊரில் இருக்கும் மூன்று நாளும் கணினியைத் தொடுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் இரவே அந்த வாக்கு காற்றில் போனது. காரணம், அக்கா மகன்.

சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். அக்கா மரவள்ளிக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பையன் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பாலிடெக்னிக்கில் கணினித் துறை, கடைசி ஆண்டு.

“மாமா, கொஞ்சம் பாருங்க. எல்லா இடத்துலயும் ஓடுது, என் லேப்டாப்புல மட்டும் ஓட மாட்டேங்குது.”

என்ன ஓடவில்லை என்பதற்கு முன்னால் அவன் செய்திருந்த வேலையைச் சொல்ல வேண்டும். அத்தான் ஊருக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே சாமந்தி போடுகிறார். மழைக்காலத்தில் ராத்திரி ஈரப்பதம் ஏறினால் இலையில் நோய் பிடித்துவிடும். அதனால் நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பல வருடப் பழக்கம். பையன் ஒரு சின்ன ஈரப்பத உணர்கருவியை வாங்கி, உள்ளங்கை அளவே இருக்கும் ராஸ்பெர்ரி பை கணினியோடு இணைத்து, சி மொழியில் ஒரு நிரல் எழுதிவிட்டான். ஈரம் எல்லை தாண்டினால் அத்தானின் கைப்பேசிக்குச் செய்தி வரும். அவர் எழுந்து போய் ஓரத்துத் திரையை ஏற்றிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். மற்ற நாள்களில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் மேக் கணினி, இன்னொருவரிடம் புது ராஸ்பெர்ரி பை. மூன்றாமவர் ஒரு சீனப் பெரியவர். அவரிடம் இருப்பது மகன் விட்டுப்போன பழைய மேசைக் கணினி. இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

ஒரே பேர், இரண்டு பதில்

பையன் இந்த நிரலை முதலில் எழுதியது விடுதி நண்பனின் மேக் கணினியில். சொந்த மடிக்கணினி அப்போது பழுதுபார்க்கப் போயிருந்தது. நிரலில் ‘ஸ்டிரெல்காப்பி’ என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தான். எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும்போது, ஒதுக்கிய இடத்துக்கு மேல் வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு கருவி அது. மேக்கில் அது கூடவே வருகிறது. நிரலும் அழகாக ஓடியது.

தோட்டத்து ராஸ்பெர்ரி பையில் போட்டான். ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’ என்றது. சரி, லினக்ஸில் அது இல்லைபோல என்று முடிவுகட்டி, நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தான்: ‘இது லினக்ஸ் என்றால், நானே எழுதிய ஸ்டிரெல்காப்பியை எடுத்துக்கொள்.’ ஓடியது.

பழுதுபார்த்த மடிக்கணினி புது உபுண்டு 24.04 லினக்ஸோடு திரும்பி வந்தது. அதில் போட்டால், ‘அந்தப் பேரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நீ ஏன் இன்னொன்றைக் கொண்டுவருகிறாய்?’ என்று சண்டைக்கு வருகிறது.

“அதுவும் லினக்ஸ், இதுவும் லினக்ஸ். ஒண்ணு இல்லங்குது, ஒண்ணு இருக்குங்குது. எதை நம்புறது மாமா?”

இரண்டுமே உண்மையைத்தான் சொன்னது. ஸ்டிரெல்காப்பி 1998-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிறந்தது. மேக் அதை எடுத்துக்கொண்டது. பெரும்பாலான லினக்ஸ்களுக்கு அடித்தளமான ஜிலிப்சி நூலகம் பல ஆண்டுகள் அதைச் சேர்க்க மறுத்து, 2023 ஆகஸ்டில் வந்த 2.38 பதிப்பில்தான் சேர்த்தது. பையின் இயங்குதளம் அதற்கு முந்தியது. மடிக்கணினியில் இருப்பது பிந்தியது. ‘லினக்ஸ்’ என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே அந்தக் கருவி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்படின்னா பேரோட வருஷத்தையும் சேர்த்துக் கேட்கவா?” என்றான். கேட்கலாம். பிறகு வேறு நூலகத்தை வைத்திருக்கும் லினக்ஸ் வரும். அதற்கொரு நிபந்தனை. அடுத்த ஆண்டு இன்னொன்று. கடைசியில் ஈரத்தை அளக்கும் வரிகளைவிட இயந்திரத்தின் சாதகம் பார்க்கும் வரிகள் அதிகமாகிவிடும்.

அப்பா சொன்ன கொழுந்துக் கணக்கு

அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார். இருபத்தெட்டு வருடம் தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர்.

“எந்த மலைக் கொழுந்துன்னு சீட்டுல எழுதியிருக்கும். நான் அதப் பார்க்க மாட்டேன். ஒரே மலைதான், நேத்து வெயில்ல பறிச்சது வேற, இன்னிக்கு மழையில பறிச்சது வேற. ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்பேன். கையத் திறந்ததும் உருண்டையா நின்னா, கீழ உருட்டுற மிஷினுக்கு அனுப்பலாம். படக்குன்னு விரிஞ்சா இன்னும் வாடணும்.”

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அரைமணி நேரமாகச் சொல்லத் திணறியதை அவர் ஐந்து வரியில் முடித்துவிட்டார். பேரைக் கேட்காதே. அமுக்கிப் பார். கணினி உலகம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது 1991-இல்.

இருபது கேள்விகளால் வந்த அலுப்பு

இப்போது நமக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று பேர்தான் தெரியும். அப்போது யூனிக்ஸ் குடும்பத்தில் மட்டும் சன் நிறுவனத்துக்கு ஒன்று, எச்பிக்கு ஒன்று, ஐபிஎம்முக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வகை இருந்தது. எல்லாம் யூனிக்ஸ்தான். ஆனால் ஒன்றில் இருக்கும் கருவி இன்னொன்றில் இருக்காது. இருந்தாலும் வேறு பேரில் இருக்கும்.

குனூ திட்டத்தின் பல மென்பொருள்களைப் பராமரித்து வந்தவர் டேவிட் மெக்கென்சி. கோப்புகளை நகலெடுப்பது, நகர்த்துவது, பட்டியலிடுவது போன்ற அடிப்படைக் கருவிகள் அடங்கிய ஃபைல்யூடில்ஸ் என்ற தொகுப்பும் அவர் பொறுப்பில் இருந்தது. அதை நிறுவ விரும்பும் ஒருவர், தன் இயந்திரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று சுமார் 20 இடங்களில் தானே கையால் குறிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தப்பாகக் குறித்தாலும் மென்பொருள் உருவாகாது. பயன்படுத்த வந்தவருக்கு அந்த இருபது கேள்விக்கும் பதில் எப்படித் தெரியும்?

1991 ஜூனில் மெக்கென்சி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினார். மனிதரைக் கேட்பதை விட்டுவிட்டு அது இயந்திரத்தையே சோதித்துப் பார்த்தது. வெற்றி கிடைத்ததும் மற்ற தொகுப்புகளுக்கும் அதேபோல ஒவ்வொன்றாகக் கையால் எழுதினார். ஒரு பிழையைத் திருத்தினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். அந்த அலுப்பில் பிறந்ததுதான் ஆட்டோகான்ஃப். அது சோதிக்கும் ஸ்கிரிப்டை எழுதித் தரும் கருவி. ‘என் மென்பொருளுக்கு இன்னின்னது தேவை’ என்று நீங்கள் சில வரிகளில் சொன்னால் போதும். கான்ஃபிகர் என்ற சோதனை ஸ்கிரிப்டை அது தயாரித்துவிடும். பின்னால் ஆட்டோமேக், லிப்டூல் என்ற துணைக் கருவிகளும் சேர்ந்துகொண்டன.

லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு ‘கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகள் மனப்பாடம். முதல் கட்டளை கொடுத்ததும் திரையில் ‘இது இருக்கிறதா... இருக்கிறது, அது இருக்கிறதா... இல்லை’ என்று வரிவரியாக ஓடுமே, அதுதான் இது. தமிழர்களுக்கும் இது அந்நியமில்லை. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய உதவும் எம்17என் தொகுப்பையும், படத்தில் இருக்கும் தமிழ் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் மென்பொருளையும் மூல நிரலிலிருந்து இப்படித்தான் உருவாக்கலாம்.

எப்படிச் சோதிக்கிறது?

ஸ்டிரெல்காப்பி இருக்கிறதா என்று கான்ஃபிகர் கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. அதைப் பயன்படுத்தும் குட்டி சி நிரல் ஒன்றை அந்த இடத்திலேயே எழுதுகிறது. கம்பைலரிடம் கொடுத்து உருவாக்கச் சொல்கிறது. உருவானால் ‘இருக்கிறது’ என்று குறித்துக்கொள்கிறது. உருவாகாவிட்டால் ‘இல்லை’. குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போகிறது. ஒரு கைப்பிடி அள்ளி, அமுக்கி, கையைத் திறந்து பார்ப்பது போலத்தான்.

எல்லாம் முடிந்ததும் பதில்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. நம் நிரல் அந்தக் கோப்பைப் பார்த்து நடந்துகொள்ளும். ‘லினக்ஸ் என்றால்’ என்ற நிபந்தனை போய், ‘ஸ்டிரெல்காப்பி இல்லையென்றால்’ என்ற நிபந்தனை வருகிறது. இந்த ஒரு வரி மாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. நாளைக்கு நாம் கேள்விப்படாத ஓர் இயங்குதளம் வந்தாலும் அந்த வரியைத் தொட வேண்டியதில்லை.

சரி, சோதனையை நேராகவே எழுதிவிடலாமே, எதற்கு எழுதித் தர ஒரு கருவி? பையனும் இதைத்தான் கேட்டான். அக்கா அப்போது எங்கள் பயணத்துக்காக என்னென்ன கட்டித் தருவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பவர், போகிற இடத்தில் அடுப்பு இருக்குமா, பாத்திரம் இருக்குமா என்று எதிர்பார்ப்பதில்லை. கையில் வாங்கியதும் சாப்பிடலாம். ஆட்டோகான்ஃப் தயாரித்துத் தரும் கான்ஃபிகர் அப்படிப்பட்டது. அதை வாங்குகிறவரின் கணினியில் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை. யூனிக்ஸ் வகை எதிலும் இருக்கும் சாதாரண ஷெல் போதும். சமையல் முழுவதும் நம் வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. எங்கேயும் ஓட வேண்டும் என்பதால் அந்த ஷெல் ஸ்கிரிப்டைப் பழைய பாணியில், மிக எச்சரிக்கையாக எழுத வேண்டியிருக்கிறது. கையால் எழுதினால் ஆயுசு போதாது.

அன்று இரவு பையனும் நானும் எழுதியது ஏழெட்டு வரி. மென்பொருளின் பேரும் பதிப்பும் ஒரு வரி. சி கம்பைலரைத் தேடச் சொல்லி ஒரு வரி. ஸ்டிரெல்காப்பி இருக்கிறதா பார், இல்லையென்றால் நாம் தரும் கோப்பைச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி. எந்தெந்தக் கோப்புகளை உருவாக்க வேண்டும் என்று ஒரு வரி. மற்றவை சடங்கு வரிகள். ‘ஆட்டோரீகான்ஃப்’ கட்டளையைக் கொடுத்ததும் சில ஆயிரம் வரிகள் கொண்ட கான்ஃபிகர் வந்து நின்றது.

இதைத் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு மூன்று குறிப்புகள்.

ஒன்று, நிரலில் பயன்படுத்தும் எல்லாவற்றுக்கும் சோதனை வைக்காதீர்கள். எங்கும் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்ததைச் சோதிப்பது நேர விரயம். சிறிய மென்பொருள்களில் சோதனை ஓடும் நேரம், மென்பொருளை உருவாக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடுவதுண்டு. சந்தேகமானதை மட்டும் சோதியுங்கள்.

இரண்டு, கான்ஃபிகர் நடுவில் நின்றுவிட்டால் திரையின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘கான்ஃபிக் டாட் லாக்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தக் குட்டி நிரல், எந்தக் காரணத்தால் உருவாகவில்லை என்று முழுக் கதையும் அதில் இருக்கும்.

மூன்று, அடுத்தவரிடம் கொடுப்பதற்கு முன் ‘மேக் டிஸ்ட்செக்’ கட்டளையை ஓட்டுங்கள். நீங்கள் கட்டிய பொட்டலத்தை அது ஒரு புது இடத்தில் பிரித்து, உருவாக்கி, நிறுவிப் பார்க்கும். நம் வீட்டில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பைப் பொட்டலத்தில் வைக்க மறந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

இன்று சீமேக், மெசான் போன்ற புதிய கருவிகள் வந்துவிட்டன. விண்டோஸையும் சேர்த்து யோசிப்பவர்களுக்கு அவை வசதி. ஆட்டோகான்ஃபின் எழுத்துமுறை முரட்டுத்தனமானது என்று குறை சொல்பவர்கள் அதிகம். குறை நியாயமானதே. ஆனால் பேரைக் கேட்காமல் செய்து பார்க்கும் வழக்கத்தைப் புதியவையும் விடவில்லை.

சோதனையையே கெடுத்தவர்கள்

சோதித்துப் பார்த்தால் போதும், பிறகு பயமில்லை என்று பையனிடம் சொல்லியிருந்தால் நான் பாதிப் பாடத்தைத்தான் சொன்னவனாவேன். மீதிப் பாதி 2024-இல் நடந்தது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். லாஸ்ஸி கொலின் என்ற தன்னார்வலர் பல ஆண்டுகளாக அதைப் பராமரித்து வந்தார். அவருக்கு உதவுவதாக ஜியா டான் என்ற பேரில் ஒருவர் சேர்ந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக் கதவு வைத்தார்.

அந்தக் கதவைத் திறந்துவிடும் வரிகள் எங்கே இருந்தன தெரியுமா? எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில், கான்ஃபிகரைத் தயாரிக்க உதவும் ஒரு கோப்பில் இருந்தன. ஆயிரக்கணக்கான வரிகள், இயந்திரம் எழுதித் தந்தவை, யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். இன்னோர் இடத்தில், கணினியின் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சீமேக் சோதனையின் குட்டி நிரலுக்குள் ஒரே ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளி இருக்கும்வரை குட்டி நிரல் எந்தக் கணினியிலும் உருவாகாது. அதனால் வசதி இருக்கும் கணினியிலும் சோதனை ‘இல்லை’ என்றே சொல்லும். பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தேடிப் போனவர், 2024 மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச்சேரும் முன்பே அந்தப் பதிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அரை நொடியைச் சும்மா விடாத ஒருவரால் வந்த புண்ணியம்.

சோதனை நேர்மையானதுதானா என்றும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புள்ளி போதும், தகுதியுள்ளதை ‘இல்லை’ என்று சொல்ல வைக்க.

பையன் கேட்ட கேள்வி

பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மேக்கில் ஓடியது, மடிக்கணினியில் ஓடியது. பையன் முகத்தில் வெளிச்சம். கணினியை மூடியபடியே சாதாரணமாகக் கேட்டான்.

“மாமா, உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கும்போது எப்படி? பேரப் பார்ப்பீங்களா, அமுக்கிப் பார்ப்பீங்களா?”

எதற்குக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். தொழிற்பயிற்சிக்குப் பதினோரு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. காலேஜ் பேரைப் பார்த்ததும் தள்ளிவைத்துவிடுகிறார்கள் என்பது அவன் நினைப்பு.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓரிடத்துக்கு எழுபது எண்பது விண்ணப்பம் வரும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்று முதலில் பல்கலைக்கழகத்தின் பேரைப் பார்த்து அடுக்குவேன். சில பேர்கள் மேலே போகும். பாலிடெக்னிக்குகள் அடியில் போகும். அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பதற்குள் மேலேயே ஆள் கிடைத்துவிடும். தகுதியில்லை என்று நான் யாரையும் நிராகரித்ததில்லை. பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கு முன் நானும் ஒரு நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி என்றேன். எதிரில் இருந்தவர் கோப்பை மெதுவாக மூடினார். என்ன தெரியும் என்று கடைசிவரை கேட்கவே இல்லை. மலை ஏறி வந்த பேருந்தில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவரைப் போலவே கோப்பை அடுக்கும் ஆளாக நானே எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

“பேரத்தான்டா பார்க்கிறேன்” என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். அப்பா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

தலைநகர் திரும்பியதும் அலுவலகத்தில் ஒன்று சொன்னேன். இந்தத் தடவை விண்ணப்பங்களை என்னிடம் அனுப்பும்போது படித்த இடத்தின் பேரை மறைத்துவிடுங்கள். கூடவே ஒரு சின்ன வேலை கொடுத்து, செய்து அனுப்பச் சொல்லுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை. நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சின்ன வேலையிலேயே நான் அறியாமல் ஒரு புள்ளி வைத்திருக்கிறேனா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாக எழுதுபவருக்கு மட்டும் புரிகிற மாதிரி கேள்வி வைத்தால், அது நிரலைச் சோதித்ததாகாது. முதல் தடவை அந்தத் தப்பைச் செய்தேன். இரண்டாம் தடவை கேள்வியை மாற்றி எழுதினேன்.

பையனிடம் என் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். “மாமா பேரும் ஒரு பேர்தானே, விடுங்க. நான் பார்த்துக்கிறேன்” என்றான். இந்தப் பத்தி அச்சுக்குப் போகும்வரை அவனுக்கு எங்கிருந்தும் பதில் வரவில்லை. இப்போதெல்லாம் விண்ணப்பத்தோடு ஈரப்பத நிரலையும் சேர்த்து அனுப்புகிறானாம்.

நாங்கள் கிளம்பும் நாள் காலையில், பசியாறிவிட்டு அந்தச் சீனப் பெரியவரின் கொட்டகைக்குப் போனோம். பழைய கணினி, அதைவிடப் பழைய திரை. பையன் பொட்டலத்தைப் பிரித்து கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தான். வரிகள் நிதானமாக ஓடின. கம்பைலர் இருக்கிறதா... இருக்கிறது. ஸ்டிரெல்காப்பி இருக்கிறதா... இல்லை.

பெரியவருக்கு அந்த ‘இல்லை’ மட்டும் புரிந்திருக்கிறது. என் கணினி பழசு, ஆகாதுதானே என்று மலாயில் கேட்டார்.

“ஆகும் அங்கிள், கொஞ்சம் இருங்க” என்று பையனும் மலாயிலேயே சொன்னான். இல்லாததைத் தன் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டு, கான்ஃபிகர் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தது.